மைக் செட்டிலிருந்து வகுப்பறை வரை: ஒலித் தொழிலுக்கு வரும் வடசென்னைப் பிள்ளைகளுக்கு

தண்டையார்பேட்டையில் நான் சனி, ஞாயிறு பாடம் எடுக்கும் அறைக்கு மாதம் நான்கைந்து பேராவது புதிதாக வருகிறார்கள். பாதிப் பேர் அம்மாவையோ அண்ணனையோ கூட்டிக்கொண்டு வருவார்கள். உட்கார்ந்ததும் கேள்வி வரும்: "சார், சவுண்ட் இன்ஜினியர் ஆகணும். எந்த கோர்ஸ்ல சேரலாம், எந்த லேப்டாப் வாங்கலாம்?" சில அம்மாக்கள் நகையை அடகு வைக்கத் தயாராகவே வந்திருப்பார்கள்.

அவர்களிடம் நேரில் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். நகை பீரோவிலேயே இருக்கட்டும். கோர்ஸ், லேப்டாப் எல்லாம் தேவைதான், ஆனால் அவற்றின் முறை பிறகு வரும். முதலில் காது பழக வேண்டும், அப்புறம் கை பழக வேண்டும். இந்த இரண்டையும் பழகிக்கொள்ள ராயபுரம், காசிமேடு, வியாசர்பாடி, பெரம்பூர் பக்கத்துப் பிள்ளைகள் வேறெங்கும் போக வேண்டியதில்லை. எல்லாம் வீட்டு வாசலிலேயே கிடக்கிறது.

நான் வியாசர்பாடியில் ஒரு மைக் செட் கடையில் பாக்ஸ் தூக்கித்தான் இந்தத் தொழிலுக்கு வந்தேன். அப்புறம் சாலிகிராமத்தில் ஒரு டப்பிங் தியேட்டரில் நான்கு வருடம் உதவியாளர். இப்போது கானா கச்சேரி, சர்ச் ஆராதனை, குறும்பட மிக்சிங் என்று வேலை ஓடுகிறது. கூடவே ஒன்பது வருடமாகப் பாடமும் எடுக்கிறேன்.

என்னென்ன வேலை இருக்கிறது

சவுண்ட் இன்ஜினியர் என்றால் கண்ணாடிக்குப் பின்னால் பெரிய கன்சோல் முன் உட்கார்ந்திருப்பவர் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அது ஒரு வேலை மட்டும். கச்சேரி, பொதுக்கூட்டம், கல்யாண மேடைக்கு லைவ் சவுண்ட் பார்ப்பவர் இருக்கிறார். ஸ்டுடியோவில் பாட்டுப் பதிவு செய்பவர், டப்பிங் பதிவு செய்பவர், படப்பிடிப்புத் தளத்திலேயே வசனத்தைப் பிடிக்கும் சிங்க் சவுண்ட் ஆள், காலடிச் சத்தமும் வளையல் சத்தமும் செய்து கொடுக்கும் ஃபாலி கலைஞர், எல்லாவற்றையும் கலந்து முடிக்கும் மிக்சிங் இன்ஜினியர் என்று வரிசை நீளும். டிவி சேனல், எஃப்எம் வானொலி, பாட்காஸ்ட், ஆடியோ புத்தகம் என்று இன்னொரு பக்கம். புது மண்டபத்துக்கும் சர்ச்சுக்கும் ஸ்பீக்கர் மாட்டிக் கொடுக்கும் வேலையும் உண்டு. வெளியில் பேர் தெரியாத வேலை அது, ஆனால் வருமானம் நிதானமாக வரும். எது உங்களுக்கு என்று இப்போதே முடிவு செய்ய வேண்டாம். முதல் ஒரு வருடத்துக்கு எல்லாருக்கும் பாடம் ஒன்றுதான்.

முதல் படி: முப்பது நாள் கேளுங்கள்

ஒரு சின்ன நோட்டு, ஒரு போன், ஒரு இயர்போன். இவ்வளவு போதும்.

ராயபுரம் ரயில் நிலையத்துக்குப் போங்கள். 1856-இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் புறப்பட்ட இடம் அது. சரக்கு வண்டிகள் இன்றும் அந்தப் பக்கம் போய்க்கொண்டிருக்கின்றன. நடைமேடையில் பாதுகாப்பாக ஓரிடத்தில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்ளுங்கள். வண்டி வருவதற்கு முன்னால் முதலில் என்ன கேட்கிறது? ஹாரனா, தண்டவாளத்தின் சின்னச் சலசலப்பா, தரையின் அதிர்வா? ஹாரன் அடித்துக்கொண்டே வண்டி உங்களைக் கடந்தால், அந்தச் சுருதி எந்த நொடியில் இறங்குகிறது? கடைசிப் பெட்டி போன பிறகு எது முதலில் மறைகிறது, எது கடைசி வரை மிச்சம் இருக்கிறது? கண்ணைத் திறந்ததும் எல்லாவற்றையும் எழுதுங்கள்.

அடுத்த வண்டியைப் போனில் பதிவு செய்யுங்கள். வீட்டுக்கு வந்து இயர்போனில் கேட்டால் ஏமாற்றமாக இருக்கும். நீங்கள் கேட்ட வண்டி அதில் இருக்காது. டீக்கடைக்காரர் குவளை கழுவியது பெரிதாகக் கேட்கும், வண்டி நெருங்கி வந்ததும் மொத்தச் சத்தமும் அமுங்கிப் போயிருக்கும். போன் தானாகவே அளவைக் குறைத்துக்கொள்வதால் அப்படி. அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. நம் காது வேண்டியதை மட்டும் பொறுக்கி எடுக்கிறது. மைக்குக்குப் பொறுக்கத் தெரியாது, முன்னால் இருக்கும் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வந்துவிடும். பொறுக்கி எடுப்பதைக் கையால் செய்து கொடுப்பதுதான் நம் தொழில். இது புத்தகத்தில் படித்தால் ஒட்டாது. அந்தப் பதிவைக் கேட்ட அன்றைக்கு ஒட்டிக்கொள்ளும்.

இன்னொரு பயிற்சி காசிமேட்டில். விடியற்காலை மீன் ஏலம் நடக்கும்போது, ஏலம் விடுபவரிடமிருந்து ஒரு மீட்டர் தள்ளி நின்று கேளுங்கள். அப்புறம் இரண்டு மீட்டர், அப்புறம் நான்கு மீட்டர். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பாகும்போதெல்லாம் சத்தம் 6 டெசிபல் குறையும். அதே குரலைக் கூரைக்குக் கீழே போய்க் கேட்டால் அவ்வளவு குறையாது, ஏனென்றால் கூரையும் தரையும் சத்தத்தைத் திருப்பி அனுப்புகின்றன. ஆனால் வார்த்தை குழம்பும். சத்தம் இருக்கிறது, தெளிவு இல்லை. கல்யாண மண்டபத்தில் வால்யூமை ஏற்ற ஏற்ற ஒன்றும் புரியாமல் போவதற்கும் இதுதான் காரணம். ஏலக்காரர்கள் வேலையாக இருப்பார்கள். குறுக்கே நிற்காமல், "அண்ணா, பாடத்துக்காகக் கேக்கறேன்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஓரமாக நில்லுங்கள்.

முப்பது நாள் முடிந்ததும் நோட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்டிப் பாருங்கள். முதல் நாள் "பெரிய சத்தம்" என்று எழுதியவர், கடைசி நாள் "கீழ்ச்சத்தம் அதிகம், மேலே சீறல் இல்லை, இடது பக்கச் சுவரிலிருந்து எதிரொலி" என்று எழுதியிருப்பார். அப்படி எழுதியிருந்தால் அடுத்த படிக்கு வரலாம்.

இரண்டாம் படி: மைக் செட் கடையில் ஆறு மாதம்

ஆடி மாதம் வந்தால் வடசென்னையில் ஒரு தெருவும் சும்மா இருக்காது. கூழ் ஊற்றுவது, மாரியம்மன் கோயில் திருவிழா, இடையில் காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கட்சிக் கூட்டம். கிறிஸ்துமஸ் நெருங்கினால் சர்ச்சுகளில் பாடல் ஆராதனை. ஒவ்வொன்றுக்கும் மைக் செட் கட்ட ஆள் தேவை. பக்கத்துத் தெருவில் இருக்கும் சவுண்ட் சர்வீஸ் கடையில் போய், "அண்ணே, கூட வரேன், வேலை கத்துக்கணும்" என்று கேளுங்கள். பேட்டா கொஞ்சமாகத்தான் இருக்கும். ஆனால் இந்த ஆறு மாதத்தில் கற்றுக்கொள்வதை எந்தக் கல்லூரியும் அதே வேகத்தில் சொல்லித்தராது. பெண் பிள்ளைகளுக்கு இரவு நேரத் தெரு வேலை சிரமம் என்று வீட்டில் யோசித்தால், சர்ச்சில் தொடங்கலாம். பெரும்பாலான சர்ச்சுகளில் மிக்சர் இருக்கிறது, ஞாயிறு காலையில் அதைப் பார்த்துக்கொள்ள ஆள் தேவைப்படுகிறது. என் மாணவிகளில் மூன்று பேர் அங்கிருந்து வந்தவர்கள்தான்.

முதலில் கேபிள் சுற்றக் கற்றுக்கொள்ளுங்கள். முழங்கையில் போட்டு இறுக்கிச் சுற்றினால் உள்ளே இருக்கும் கம்பி முறுக்கிக்கொண்டு ஒருநாள் அறுந்துவிடும். ஒரு வளையம் நேராக, அடுத்த வளையம் உள்பக்கமாகத் திருப்பி என்று மாற்றி மாற்றிச் சுற்ற வேண்டும். அப்படிச் சுற்றிய கேபிளின் ஒரு முனையைப் பிடித்து வீசினால் முடிச்சே இல்லாமல் நேராகப் போய் விழும். ஒருவர் கேபிள் சுற்றுவதைப் பார்த்தே அவர் யாரிடம் வேலை கற்றார் என்று சொல்லிவிடலாம்.

அடுத்தது சால்டரிங். எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கும் ரிச்சி தெருவுக்குப் போய் ஒரு சால்டரிங் அயர்ன், கொஞ்சம் ஈயக்கம்பி, ஒரு ஜோடி எக்ஸ்எல்ஆர் கனெக்டர் (பழைய ஆட்கள் கேனன் பின் என்பார்கள்), மூன்று மீட்டர் மைக் கேபிள் வாங்கிக்கொள்ளுங்கள். கனெக்டரின் மூடியை முதலில் கேபிளில் கோத்துவிடுங்கள். இதை எல்லாரும் மறப்பார்கள். எல்லாவற்றையும் பற்றவைத்து முடித்த பிறகு மூடி மேஜையில் கிடக்கும், திரும்பப் பிரிக்க வேண்டியிருக்கும். மேலுறையை ஒரு விரல் அகலத்துக்குச் சீவினால் உள்ளே வலைப்பின்னல் போன்ற கம்பியும் இரண்டு நிற வயர்களும் தெரியும். வலைக் கம்பியை முறுக்கி 1-ஆம் பின்னுக்கு, ஒரு நிறம் 2-ஆம் பின்னுக்கு, மற்ற நிறம் 3-ஆம் பின்னுக்கு. மறுமுனையிலும் அதே வரிசை. வயர் நுனியில் முன்பே கொஞ்சம் ஈயம் பூசிக்கொள்ள வேண்டும். பின்னைச் சூடாக்கி அதில் ஈயத்தை உருக விட வேண்டும், அயர்ன் நுனியில் உருக்கிக் கொண்டுபோய்த் தடவக் கூடாது. ஆறியதும் பளபளப்பாக இருந்தால் சரி. மங்கலாக, உருண்டையாக நின்றால் பிடிக்கவில்லை என்று பொருள், மறுபடி செய்யுங்கள்.

எதற்கு இரண்டு வயர்? ஒரே குரல் ஒரு வயரில் நேராகவும் இன்னொன்றில் தலைகீழாகவும் போகிறது. வழியில் டியூப்லைட்டோ கரண்ட் வயரோ ஏற்றிவிடும் இரைச்சல் இரண்டிலும் ஒரே மாதிரி ஏறும். மிக்சர் அந்தத் தலைகீழ் வயரைத் திருப்பிப் போட்டுக் கூட்டும்போது குரல் இரட்டிப்பாகும், இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். உங்கள் கையால் பற்றவைத்த கேபிளில் முதல் முறை சத்தம் வரும்போது வரும் சந்தோஷத்தை நான் இருபது வருடம் கழித்தும் மறக்கவில்லை.

கடற்கரை ஓரத்தில் இருப்பவர்களுக்கு ஒன்று கூடுதலாகச் சொல்ல வேண்டும். உப்புக்காற்றில் பின்கள் சீக்கிரம் பச்சை பூத்துவிடும். வாரம் ஒருமுறை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துணியை நனைத்துத் துடையுங்கள். கண்டென்சர் மைக்குகளை (ஸ்டுடியோவில் அதிகம் பயன்படும் நுட்பமான வகை) காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். ஈரம் ஏறிய கண்டென்சர் மைக் எண்ணெயில் கடுகு போட்ட மாதிரி பொரியும்.

உயிர் விஷயம்

இதைத் தனியாக எழுதுகிறேன். வேலைக்கு வந்த இரண்டாம் வருடம், ஒரு தெரு விழாவில் மேடைக்கு ஒரு வீட்டிலிருந்தும் மிக்சருக்கு இன்னொரு இடத்திலிருந்தும் கரண்ட் எடுத்திருந்தோம். எர்த் சரியாக இருக்கிறதா என்று யாரும் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. கிட்டார் வாசித்த தம்பி பாடுவதற்காக மைக்கில் உதட்டை வைத்ததும் தூக்கி எறியப்பட்டான். கையில் கிட்டார் கம்பி ஒரு கரண்டில், உதட்டில் மைக் இன்னொரு கரண்டில். பக்கத்தில் இருந்தவர் மெயினை அணைத்ததால் பிழைத்தான். உதட்டில் தழும்பு இன்னும் இருக்கிறது.

அதனால், மைக்கைத் தொடும் முன் இவற்றைச் செய்யுங்கள். மேடை, மிக்சர், ஆம்ப் எல்லாவற்றுக்கும் ஒரே இடத்திலிருந்து கரண்ட் எடுங்கள். மல்டிமீட்டர் வைத்து எர்த்துக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் எவ்வளவு வோல்ட் நிற்கிறது என்று பாருங்கள். நல்ல லைனில் ஒன்றிரண்டு வோல்ட்டுக்கு மேல் இருக்காது. அதிகம் காட்டினால் எலக்ட்ரீஷியன் வந்து பார்க்கும் வரை எதையும் செருக வேண்டாம். கரண்ட் கசிந்தால் தானாக அணைந்துவிடும் ஆர்சிசிபி சுவிட்ச், 30 மில்லி ஆம்பியரில் கட்டாவது, ஒன்றைப் பெட்டியில் பொருத்தி எப்போதும் கூடவே கொண்டுபோங்கள். ஸ்பீக்கரில் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் கேட்கிறது என்பதற்காக மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னை உடைத்துவிடும் பழக்கம் நம் தொழிலில் இருக்கிறது. அதை ஒருபோதும் செய்யாதீர்கள், செய்யச் சொல்லும் பெரியவரிடமும் மரியாதையாக மறுத்துவிடுங்கள். இரைச்சல் போக டிஐ பாக்ஸில் (கிட்டார், கீபோர்டை மிக்சரோடு இணைக்கும் சின்னப் பெட்டி) கிரவுண்ட் லிஃப்ட் என்றே ஒரு சுவிட்ச் இருக்கிறது.

இரண்டு விதிமுறைகளும் தெரிந்திருக்க வேண்டும். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்பது வரையறை. பத்து மணிக்கு மேல் "இன்னும் ஒரே ஒரு பாட்டு" என்று கேட்பார்கள். போலீஸ் வந்தால் எடுத்துக்கொண்டு போவது அவர்களை அல்ல, உங்கள் மிக்சரை. இன்னொன்று உங்கள் காதைப் பற்றியது. 85 டெசிபலில் எட்டு மணி நேரம் என்பது தொழில் பாதுகாப்பு ஆய்வாளர்கள் வைத்திருக்கும் அளவு. ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் 15 நிமிடம்தான். கானா மேடையில் பாக்ஸுக்குப் பக்கத்தில் அதைச் சுலபமாகத் தாண்டிவிடும். காதடைப்பான் போட்டுக்கொள்ளுங்கள். போன காது திரும்பி வராது.

மூன்றாம் படி: வீட்டில் ஒரு சின்ன மூலை

இப்போது லேப்டாப் வாங்கலாம். 16 ஜிபி ரேம் இருந்தால் நல்லது, பழையதாக இருந்தாலும் பரவாயில்லை. மைக்கை லேப்டாப்போடு இணைக்கும் இரண்டு சேனல் ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒன்று, மூடிய வகை ஹெட்போன் ஒன்று, ஷ்யூர் எஸ்எம்58 மாதிரி ஒரு டைனமிக் மைக். அந்த மைக் 1966-இல் வந்தது, இன்றைக்கும் மேடைகளில் ஓடுகிறது. கீழே விழுந்தாலும் தாங்கும், அறையின் எதிரொலியையும் அதிகம் வாங்காது. வாங்கும்போது மட்டும் கவனம், போலிகள் நிறைய. மென்பொருளுக்கு ரீப்பர் போதும், 60 நாள் முழுதாகப் பயன்படுத்திப் பார்க்கலாம், அதற்குப் பிறகு உரிமம் வாங்குங்கள். திருட்டு மென்பொருள் வேண்டாம் என்று மாணவர்களிடம் கண்டிப்பாகச் சொல்கிறேன். நம் உழைப்புக்கு நாளைக்குக் காசு கேட்கப் போகிறவர்கள் நாம். சினிமா மிக்சிங்கில் புரோ டூல்ஸ் இல்லாமல் முடியாது, அதையும் பின்னால் பழக வேண்டும்.

48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்று வைத்துப் பதிவு செய்யுங்கள். மீட்டரில் உச்சம் மைனஸ் 10 டெசிபல் பக்கம் நின்றால் போதும். சிவப்பைத் தொட்டுவிட்டால் அந்த இடத்தை எந்த மென்பொருளாலும் முழுதாக மீட்க முடியாது.

நம் வீடுகளின் பத்துக்குப் பத்து அறையில் ஒரு சிக்கல் இருக்கிறது. பத்தடி என்பது 3.05 மீட்டர். நம் ஊர் வெக்கையில், 30 டிகிரியில், சத்தம் நொடிக்கு சுமார் 349 மீட்டர் போகிறது. கணக்குப் போட்டால் அந்த அறை 57 ஹெர்ட்ஸ் பக்கம் தானாகவே முழங்கும். நீளமும் அகலமும் ஒன்றாக இருப்பதால் முழக்கம் இரண்டு பக்கமும் சேர்ந்து பெரிதாகும். சுவர் ஓரத்தில் பேஸ் வீங்கியும், அறையின் நட்டநடுவில் அதே பேஸ் காணாமலும் போகும். நடுவில் உட்கார்ந்து மிக்ஸ் செய்பவர் பேஸ் போதவில்லை என்று ஏற்றிக்கொண்டே போவார். பாட்டு காரில் ஓடும்போது கதவு அதிரும். அதனால் முன் சுவரிலிருந்து நான்கடிக்குக் கொஞ்சம் குறைவான தூரத்தில் உங்கள் தலை இருக்கும்படி உட்காருங்கள். முட்டை அட்டை ஒட்டுவது வீண் வேலை. இலவம்பஞ்சு மெத்தையைச் சுவரில் சாய்த்து வைத்தாலே நடு, மேல் சத்தங்களின் எதிரொலி நன்றாக அடங்கும். குரல் பதிவுக்கு, துணி நிறைந்த பீரோவை இரண்டு கதவும் திறந்து வைத்து அதற்கு முதுகு காட்டிப் பாடச் சொல்லுங்கள். மைக் முன்னால், துணி பின்னால். என் முதல் மூன்று வருட டெமோக்கள் எல்லாம் அம்மாவின் புடவைகளுக்கு முன்னால் பதிவானவை.

வீட்டிலிருந்தே பெரிய மிக்சரும் பழகலாம். பெரிங்கர் எக்ஸ்32 போன்ற 32 சேனல் டிஜிட்டல் கன்சோலுக்கு எக்ஸ்32 எடிட் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. கன்சோல் இல்லாமலே லேப்டாப்பில் திறந்து எது எங்கே இருக்கிறது என்று கை பழகிக்கொள்ளலாம். மேடையில் அந்தப் பொருள் முன்னால் வரும் நாளில் திணற மாட்டீர்கள்.

என்ன பதிவு செய்வது என்று கேட்பவர்களுக்கு, கானா. 2018 ஜனவரியில் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்ற இசைக்குழு முதன்முதலாக மேடையேறியது. தெருவில் பாடிய கானா அன்று பெரிய சிஸ்டத்தில் நகரத்தின் முன்னால் கேட்டது. டோலக்கையும் சட்டியையும் மைக் வைத்து ஒழுங்காகப் பிடிக்கத் தெரிந்தவர்களுக்கு இன்று வேலை இருக்கிறது. டோலக்குக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு மைக் வைத்தால், மிக்சரில் ஒன்றின் போலாரிட்டியை (சிக்னலின் நேர், தலைகீழ் நிலை) திருப்பிப் பாருங்கள். எந்த நிலையில் தொப்பிப் பக்கத்து அடி கனமாக வருகிறதோ அதுதான் சரி. கானா பாடகரின் குரலுக்கு இயல்பாகவே முன்னால் பாயும் சக்தி உண்டு. 3 கிலோஹெர்ட்ஸை ஏற்றினால் காதைக் குத்தும், பயந்து வெட்டினால் அந்தக் குரலின் உயிரே போய்விடும். ஈக்யூவை (கீழ், நடு, மேல் சத்தங்களைத் தனித்தனியாக ஏற்றி இறக்குவது) தொடாமல் மைக்கை இரண்டு விரற்கடை நகர்த்திப் பாருங்கள். பெரும்பாலும் அங்கேயே சரியாகும்.

நான்காம் படி: படிப்பு

அரசுக் கல்லூரிதான் என் முதல் பரிந்துரை. தரமணியில் இருக்கும் எம்ஜிஆர் திரைப்பட, தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்தில் நான்கு வருட பி.வி.ஏ. பட்டப்படிப்பில் ஆடியோகிராஃபிக்கு, அதாவது ஒலிப்பதிவுக்கு, தனிப் பிரிவு உண்டு. கட்டணம் தனியார் நிறுவனங்களோடு ஒப்பிடவே முடியாத அளவு குறைவு, இடங்களும் குறைவு. ப்ளஸ் டூவில் இயற்பியல் எடுத்திருங்கள். பட்டம் முடித்தவர்கள் புனேயின் எஃப்டிஐஐ, கொல்கத்தாவின் சத்யஜித் ரே நிறுவனம் என்ற இரண்டு திரைப்படக் கல்லூரிகளுக்கும் நுழைவுத் தேர்வு எழுதலாம். ஒலிக்கலவைக்காக 2009-இல் ஆஸ்கர் வாங்கிய மூவரில் ஒருவரான ரசூல் பூக்குட்டி புனே மாணவர்.

தனியார் நிறுவனம் என்றால் பணம் கட்டும் முன் மூன்று கேள்விகள். ஒரு கன்சோலுக்கு எத்தனை மாணவர்? ஒவ்வொருவருக்கும் தனியாக ஸ்டுடியோவில் வாரம் எத்தனை மணி நேரம்? பாடம் எடுப்பவர் கடைசியாக வெளியில் செய்த வேலை எது? நான் இருபது வயதில் இந்தக் கேள்விகளைக் கேட்காமல் ஓரிடத்தில் அப்பாவின் பிஎஃப் பணத்தைக் கட்டிவிட்டேன். இருபத்திரண்டு பேருக்கு ஒரு கன்சோல். ஆறு மாதத்தில் நான் ஃபேடரை (சத்தத்தை ஏற்றி இறக்கும் கன்சோல் பொத்தான்) தொட்டது நான்கு முறை. அப்பா ஒரு வார்த்தை கேட்கவில்லை, அதுதான் இன்னும் வலிக்கிறது. ஒரு நாள் வகுப்பில் உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். தர மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஐந்தாம் படி: வேலைக்குப் போவது

ஸ்டுடியோக்கள் பெரும்பாலும் வடபழனி, சாலிகிராமம், கோடம்பாக்கம் பக்கம். 2021-இல் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்த பிறகு போவது சுலபமாகிவிட்டது. சென்ட்ரலில் பச்சை வழித்தடத்துக்கு மாறினால் வடபழனி. திரும்பி வருவதுதான் பாடு, டப்பிங் நள்ளிரவைத் தாண்டும், அப்போது மெட்ரோ இருக்காது. அந்தப் பக்கம் நண்பர்களோடு ஒரு அறை எடுத்துத் தங்குவதா என்பதை முன்கூட்டியே யோசித்துவிடுங்கள்.

உதவியாளராகச் சேர்ந்தால் முதல் வருடம் ஃபைலுக்குப் பேர் வைப்பதும் பேக்கப் எடுப்பதும்தான் வேலையாக இருக்கும். அதை ஒழுங்காகச் செய்யுங்கள். "புதுசு 2 கடைசி" என்று பேர் வைத்த ஃபைலை ஆறு மாதம் கழித்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது. தேதி, படத்தின் பேர், ரீல், டேக் எண், இந்த வரிசையில் வையுங்கள். மூன்று இடத்தில் பேக்கப் இருக்க வேண்டும். சினிமாவில் தொடர்ந்து வேலை செய்ய நினைப்பவர்கள் பெப்சி என்ற திரைப்படத் தொழிலாளர் சம்மேளனத்தில் இணைந்திருக்கும் சங்கத்தில் உறுப்பினராவது பற்றி மூத்தவர்களிடம் விசாரித்துக்கொள்ளுங்கள்.

சொந்தமாக வேலை எடுக்கும்போது பாதிப் பணம் முன்பணம். எத்தனை பாட்டு, எத்தனை திருத்தம், என்றைக்குக் கொடுப்பது என்பதை வாட்ஸப்பில் எழுதி, அவர்களிடமிருந்து ஒரு "சரி" வாங்கிக்கொள்ளுங்கள். தெரிந்தவர், சொந்தக்காரர் என்றால் இதை இன்னும் கவனமாகச் செய்ய வேண்டும்.

ஆறாம் படி: பாடம் எடுப்பது

வேலை கிடைக்காதவர்தான் வாத்தியார் ஆவார் என்று ஒரு நினைப்பு இருக்கிறது. நான் அதை முழுதாக மறுக்கிறேன். பாடம் எடுக்கத் தொடங்கிய பிறகுதான் என் மிக்சிங் தெளிந்தது. ஏன் இப்படி வைத்தாய் என்று ஒரு பதினேழு வயதுப் பிள்ளை கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும். "பழக்கம்" என்பது பதில் ஆகாது.

கல்லூரியில் விஸ்காம் துறையில் நிரந்தரமாகச் சேர முதுகலைப் பட்டமும் நெட் அல்லது செட் என்ற தகுதித் தேர்வில் தேர்ச்சியும் வேண்டும். அந்தப் பாதையில் போக நினைப்பவர்கள் வேலை செய்துகொண்டே முதுகலையை முடித்துவிடுங்கள். தனியார் நிறுவனங்கள் அனுபவத்தைப் பார்த்து எடுக்கின்றன. விருந்தினர் விரிவுரையாளராக வாரம் ஒரு நாள் தொடங்குவது நல்ல வழி. ஐந்து வருடமாவது வெளியில் வேலை செய்த பிறகு வகுப்புக்குள் போங்கள், போன பிறகும் வெளி வேலையை விடாதீர்கள்.

தமிழில் சொல்லிக்கொடுங்கள். கெயின், ஃபேடர், கம்ப்ரசர் எல்லாம் அப்படியே இருக்கட்டும், அவற்றுக்குப் புதுச் சொல் தேட வேண்டாம். ஆனால் விளக்கம் பிள்ளை வீட்டில் பேசும் மொழியில் இருக்க வேண்டும். கம்ப்ரசரை நான் இப்படிச் சொல்வேன்: "வால்யூம் நாபில் கையை வச்சுக்கிட்டு ஒருத்தன் உட்கார்ந்திருக்கான். பாடறவர் கத்தினா உடனே குறைக்கிறான், அடங்கினா திரும்ப விடறான். எந்த அளவுக்கு மேல போனா குறைக்கணும்னு நீ சொல்றது த்ரெஷோல்ட். எவ்வளவு குறைக்கணும்கிறது ரேஷியோ. எவ்வளவு சீக்கிரம் கை வைக்கணும்கிறது அட்டாக், எவ்வளவு நேரத்தில் எடுக்கணும்கிறது ரிலீஸ்." ஒரு வகுப்பில் முடிந்துவிடும்.

அதிர்வெண்ணை அடையாளம் காண நம் உயிரெழுத்துகளே போதும். மைக் ஊளை விடும்போது அது எந்த எழுத்து மாதிரி கேட்கிறது என்று பாருங்கள். "ஊ" என்றால் 250 ஹெர்ட்ஸ் பக்கம். "ஓ" என்றால் 500. "ஆ" 1000. "ஏ" 2000. "ஈ" 4000. ஒவ்வொன்றும் முந்தையதன் இரட்டிப்பு. எழுத்தை வாயால் சொல்லிப் பாருங்கள், குவிந்த உதடு விரிய விரிய சத்தம் கூர்மையாவது தெரியும். மூன்று வாரம் தினமும் பத்து நிமிடம், ஒருவர் ஈக்யூவில் ஒரு பட்டையை ஏற்ற, மற்றவர் கண்ணை மூடிக்கொண்டு எழுத்தைச் சொல்ல வேண்டும். எண்ணில் கேட்டால் தடுமாறும் பிள்ளைகள் எழுத்தில் கேட்டால் சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள்.

என் வகுப்பில் முதல் நான்கு வாரம் கம்ப்யூட்டர் கிடையாது. ஒரு மைக், ஒரு சின்ன மிக்சர், ஒரு பாக்ஸ், சால்டரிங் மேஜை. ஆறு பேருக்கு மேல் ஒரு தொகுதியில் சேர்ப்பதில்லை. கட்டணத்தை மாதாமாதம் வாங்குகிறேன், மொத்தமாக வாங்குவதில்லை. பிடிக்காதவர் இரண்டாம் மாதமே போய்விட வழி இருக்க வேண்டும்.

எப்போது ஒருவரைத் தனியாக வேலைக்கு அனுப்பலாம் என்பதுதான் வாத்தியாருக்குக் கடினமான கேள்வி. போன டிசம்பரில் ஒரு சர்ச் ஒத்திகைக்கு ஒரு மாணவியைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். அப்பா துறைமுகத்தில் வேலை, இவள் கல்லூரி இரண்டாம் வருடம். பாடகர் மேடையில் மானிட்டர் (பாடுபவர் தன் குரலைக் கேட்க வைக்கும் ஸ்பீக்கர்) பக்கம் திரும்பியதும் மைக் மெல்ல முனக ஆரம்பித்தது. நான் மிக்சரை நோக்கி ஒரு அடி வைப்பதற்குள் அவள் உதடு "ஏ" என்று அசைந்தது, கை 2000-இல் இருந்தது, சத்தம் அடங்கிவிட்டது. பாடகருக்கு எதுவும் தெரியவில்லை, பாடிக்கொண்டே இருந்தார். அடுத்த வாரம் கொருக்குப்பேட்டையில் ஒரு சின்ன நிகழ்ச்சிக்கு அவளைத் தனியாக அனுப்பினேன். நான்கு மைக், ஒரு கீபோர்டு. பையில் மல்டிமீட்டர், ஆர்சிசிபி பெட்டி, கூடுதலாக இரண்டு கேபிள், ஒரு எக்ஸ்எல்ஆர் பின், சால்டரிங் அயர்ன், காதடைப்பான். கேபிள் இரண்டும் அவளே பற்றவைத்தவை.